எங்கள் குசினியில் எடுத்த படம்

நாற்பதை எட்டிப் பார்க்கிறோம். எங்கள் பிள்ளைகளின் கணக்கில் நாங்கள் ஏற்கெனவே கிழடுகள். முழங்கால் நோவுக்கு எந்த எண்ணெய் நல்லது என்று வாட்ஸ்அப்பில் விசாரிக்கிற நிலைக்கு வந்துவிட்டோம். டோர்ட்மண்டில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து நித்திரை தூங்கியவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அந்தக் கோடைகாலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துபோன இங்கிலாந்துப் படக்காரரை உங்களில் பாதிப்பேருக்கு நினைவிருக்கும். மற்றப் பாதிப்பேருக்கு அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தந்த பெப்பர்மின்ட் நினைவிருக்கும்.

அவர் இறந்தபோது இங்கிலாந்துப் பத்திரிகைகள் எழுதியதையெல்லாம் தேடி வாசித்தேன். எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே எழுதியிருந்தார்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். இளம் வயதில் தொலைக்காட்சி நாடகங்கள். பிறகு வேலைநிறுத்தம், வீட்டு வாடகை, வேலையில்லாத பெடியன்கள் என்று ஏழைச் சனங்களைப் பற்றிய படங்கள். விருதுகள். அதற்குப் பிறகு நீண்ட வறட்சி. கடைசியாக ஜெர்மனியில் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றி எடுத்த படத்தில் கிழவர் பயந்துவிட்டார், உச்சக் காட்சி இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை என்று ஒருவர் கொஞ்சம் நக்கலாகவே எழுதியிருந்தார். அதை வாசித்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்தக் காட்சி இருந்தது. நானும் அதில் இருந்தேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஊரில் சண்டை நின்றிருந்த காலம். எங்கள் ஆட்கள் பெரிய பெரிய சூட்கேஸ்களைக் கட்டிக்கொண்டு முதன்முதலாக ஊருக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். போகிற ஒவ்வொருவரிடமும் அப்பாவின் படம் ஒன்றை அம்மா கொடுத்துவிடுவார். என்னையும் அம்மாவையும் சித்தப்பாவோடு முதலில் அனுப்பிவிட்டு, தான் பின்னால் வருவதாகச் சொல்லிக் கொழும்பில் நின்றவர் அப்பா. ஒரு லொட்ஜிலிருந்து கடைசியாக ரெலிபோன் எடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு அவரிடமிருந்தோ அவரைப் பற்றியோ ஒரு செய்தியும் இல்லை. எனக்கு அவருடைய முகம் அந்தப் படத்தில் இருக்கிற முகம் மட்டும்தான்.

படக்காரர் எங்களிடம் வந்து சேர்ந்தது சித்தப்பாவால். சித்தப்பா ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவர், இங்கே பீட்சா போடுகிறவர். அகதிகளைப் பற்றிப் படம் எடுக்க ஒரு ஜெர்மன் தொலைக்காட்சி காசு கொடுத்திருந்தது. டோர்ட்மண்டைத் தெரிந்தெடுத்தவர் படக்காரர்தான். மூடிப்போன சுரங்கங்களும் கரி பிடித்த செங்கல் வீடுகளும் தன்னுடைய ஊரைப் போலவே இருப்பதாகச் சொன்னாராம். மொழிபெயர்க்க ஆள் தேடியபோது சித்தப்பா அகப்பட்டார். சித்தப்பாவின் வீட்டில் ஒருநாள் சாப்பிட வந்தவர், அங்கே கோழி வெட்டிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டை மறந்து அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடிக்கக் கேட்டபோது அம்மா சிரித்தார். முதியோர் இல்லத்தில் நிலம் துடைக்கிற எனக்கு நடிப்பு ஒன்றுதான் குறை என்றார். இரண்டாவது முறை கேட்டபோது மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, இந்தப் படம் எங்கயெங்க ஓடும் எண்டு கேளுங்கோ."

"எல்லா நாட்டிலயும் காட்டுவினமாம் அண்ணி. ரீவியிலயும் வருமாம்."

"சிலோனிலயும்?"

சித்தப்பா கேட்டுவிட்டு, "வரலாமாம்" என்றார்.

"அப்ப நான் வாறன்" என்றார் அம்மா. அப்பா எங்கேயாவது ஒரு கடையில், ஒரு முகாமில், யாருடையவோ வீட்டு விறாந்தையில் இருந்து அந்தப் படத்தைப் பார்ப்பார், பார்த்தால் எங்களைக் கண்டுபிடிப்பார் என்பது அம்மாவின் கணக்கு. சித்தப்பாவுக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று அவர் எப்போதோ முடிவு கட்டிவிட்டார். ஆனால் அதை வாயால் சொன்னதில்லை.

கதை எங்களுடைய கதையைப் போலத்தான். புருசனுக்காகக் காத்திருக்கிற ஒரு பெண், அவளுடைய மகள். மகளாக நான். படம் எங்களுடைய வீட்டிலேயே, நான்காம் மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் எடுக்கப்பட்டது. கமராவையும் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு படி ஏறிய ஜெர்மன்காரப் பிள்ளைகள் எங்கள் குசினிக்கு வந்து சேரும்போது பேசமுடியாமல் நிற்பார்கள். அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்த பிறகுதான் படப்பிடிப்பு தொடங்கும். படிக்கட்டில் ஓடிய வயர்களைப் பார்த்து ஹௌஸ்மைஸ்டர் தினமும் கத்துவார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற அவருக்கும் ஒரு காட்சியில் கத்துகிற வேலையே கொடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு அவர் தலையை வாரிக்கொண்டு வந்து கத்தினார்.

படக்காரரை அம்மா "ஐயா" என்றார், நானும் ஐயா என்றேன். நெட்டை ஆள், கழுத்தை முன்னால் நீட்டிக் கூனி நடப்பார். இடது காதில் ஒரு மெஷின், அது அடிக்கடி கீச்சிடும். இயக்குநருக்கென்று ஒரு கதிரை கொண்டுவந்திருந்தார்கள், அதில் எங்கள் மேல்வீட்டு மாமிதான் இருப்பார். ஐயா பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துக் கமராவுக்குக் கீழே போட்டு அதில் இருப்பார். "அக்‌ஷன்" என்று கத்தினால் சனம் விறைத்துவிடும் என்று அவர் அதைச் சொல்வதே இல்லை. எங்களிடமிருந்து "ஓம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். மெல்லமாக "ஓம்" என்பார், கமரா ஓடத் தொடங்கும். கமராவைப் பிடித்த ஜெர்மன்காரப் பெண்ணும் சில நாளில் "ஓம்" என்று திருப்பிச் சொல்லப் பழகிவிட்டார்.

எங்கள் சனத்தை வைத்துப் படம் எடுக்க அந்த மனுசன் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வீட்டில் இருப்பது போல வாருங்கள் என்று சொல்லிவிட்டிருந்தார். மேல்வீட்டு மாமி கூறைச்சேலைக்குக் கிட்டத்தட்டச் சமமான ஒரு பட்டைக் கட்டிக்கொண்டு, சட்டி கழுவுகிற காட்சிக்கு வந்து நின்றார். பிறந்தநாள் விருந்துக் காட்சி ஒன்று. நாங்கள் கமராவைக் கண்டது கலியாண வீட்டு வீடியோவில் மட்டும்தானே. கமரா யார் பக்கம் திரும்பினாலும் அவர் சாப்பிடுவதை நிறுத்தி, வாயைத் துடைத்து, நேராகப் பார்த்துச் சிரித்தார். தமிழ்க் கடைக்கார அண்ணை கையும் காட்டினார். இரண்டாம் தரம் எடுக்கலாம் என்று பார்த்தால் சோறும் இல்லை, கறியும் இல்லை. தட்டில் மிச்சம் வைக்கக்கூடாது என்று எல்லோரும் வழித்துச் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். ஐயா பால் பெட்டியில் இருந்து கண்ணீர் வரச் சிரித்தார். அடுத்த நாள் அம்மா மறுபடி சமைத்தார், அவர்கள் மறுபடி வழித்துச் சாப்பிட்டார்கள்.

ஐயாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது, அதனால்தான் இளம் வயதில் பெயர் எடுத்தவராம். கதையை முதலிலிருந்து வரிசையாகவே எடுப்பார். அடுத்து என்ன வரப்போகிறது என்று நடிக்கிறவர்களுக்குச் சொல்லமாட்டார். காலையில் வந்து, இன்றைக்கு நீங்கள் போஞ்சி நறுக்குகிறீர்கள், மகள் வீட்டுப்பாடம் செய்கிறாள் என்பார். அவ்வளவுதான். நறுக்கிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்படும், அல்லது மின்சாரம் போகும், அல்லது மேல்வீட்டு மாமி சண்டைக்கு வருவார். நாங்கள் திடுக்கிடுவதை அவர் படம் பிடிப்பார். பழக்கப்படாத சனத்தின் முகத்தில் உண்மை ஒரே ஒரு தரம்தான் வரும், இரண்டாவது தரம் நடிப்புத்தான் வரும் என்பது அவருடைய எண்ணம். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. அம்மாவுக்கும் பழகிப்போனது. இரண்டு மூன்று வாரத்தில் அம்மா கமராவைக் கண்டுகொள்வதையே விட்டுவிட்டார். துடைக்கும்போது அதன் கால்களையும் சேர்த்துத் துடைத்தார்.

கதையின் கடைசியில் புருசன் செத்துப்போன செய்தி வரவேண்டும். அதைச் சித்தப்பாவிடம் மட்டும் ஐயா சொல்லியிருக்கிறார். முதலில் ரெலிபோன் மணி அடிப்பதாகத்தான் யோசித்திருந்தாராம். சித்தப்பா சிரித்துவிட்டார். எங்கள் சனம் அப்படிச் செய்யாது என்று விளக்கியிருக்கிறார். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஊரில் யாரும் செத்தால் இங்கே இருக்கிற பெண்சாதிக்கோ தாய்க்கோ யார் ரெலிபோன் எடுப்பார்கள்? அக்கம்பக்கத்தில் ஒருவருக்கு எடுப்பார்கள். அவர் இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். வந்து சும்மா இருப்பார்கள். ஒருவர் அடுப்பை நிற்பாட்டுவார், ஒருவர் தேத்தண்ணி போடுவார், ஒருவர் பிள்ளைகளை அடுத்த அறைக்குக் கூட்டிப்போவார். செய்தியை யாரும் சொல்லவே தேவையில்லை, அதற்கு முதலே வீட்டுக்காரருக்கு விளங்கிவிடும்.

சித்தப்பா இதைச் சொன்னபோது ஐயா காது மெஷினைச் சரிசெய்து, இன்னொரு தரம் சொல்லச் சொன்னாராம். பிறகு, அதையே எடுப்போம் என்றாராம். சித்தப்பாவும் சம்மதித்தார். ஏன் சம்மதித்தீர்கள் என்று வளர்ந்த பிறகு நான் கேட்டேன். "கொம்மா ஒரு தரமாவது அழவேணும் எண்டு நினைச்சன், பிள்ளை. படத்திலயாவது அழட்டும் எண்டு நினைச்சன்" என்றார். கமரா நிற்கிற வீட்டில் அம்மா அதை உண்மை என்று எடுக்கமாட்டார் என்று அவர் சத்தியமாகவே நம்பியிருக்கிறார். இரண்டு படித்த மனுசர், இரண்டு பேரும் நல்லவர்கள், சேர்ந்து இப்படி ஒரு பிழை விட்டார்கள்.

அது ஒரு சனிக்கிழமை பின்னேரம். அம்மா போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார், அடுப்பில் சோறு. நான் மேசையில் ஜெர்மன் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். கமரா குசினி வாசலில் நின்றது, ஐயாவும் சித்தப்பாவும் அதற்குப் பின்னால் கொரிடோரில். ஐயா "ஓம்" என்றார். கொஞ்ச நேரத்தில் வெளிக்கதவு திறந்தது. சப்பாத்துக் கழற்றுகிற சத்தம் கேட்டது, ஒருவருடையது அல்ல, பல பேருடையது. கமராவை ஒதுங்கி மேல்வீட்டு மாமி உள்ளே வந்தார், அவருக்குப் பின்னால் எங்கள் தமிழ் ரீச்சர், கடைக்கார அண்ணை, அவருடைய மனைவி.

கமராவைக் கண்டால் சிரிக்கிற அந்தச் சனம் அன்றைக்கு அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவை இருக்கவில்லை. எத்தனை வீட்டுக்கு இப்படிப் போயிருப்பார்கள், தங்கள் வீட்டுக்கு எத்தனை பேர் இப்படி வந்திருப்பார்கள். கடைக்கார அண்ணை கையைக் கட்டிக்கொண்டு குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். சனிக்கிழமை பின்னேரம் அவருடைய கடையில் சனம் வாசல் வரைக்கும் நிற்கும். அந்த நேரத்தில் சாவு ஒன்றைத் தவிர வேறு எதுவும் அவரைக் கடையை விட்டு வெளியே எடுக்காது என்பது ஊருக்கே தெரியும். அம்மா முதலில் அவரைத்தான் பார்த்தார். "அண்ணை, கடை?" என்றார். மேல்வீட்டு மாமி கையை நீட்டி, சோற்றுக்குக் கீழே எரிந்த அடுப்பைத் திருகி நிற்பாட்டினார்.

அம்மா கத்தியை வைத்தார்.

"ஆர்?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்படித்தான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ரீச்சர் வந்து என் தோளில் கை வைத்தார். அம்மா அவர்களைத் தாண்டி, கமராவையும் தாண்டி, கொரிடோரில் நின்ற சித்தப்பாவைப் பார்த்தார்.

"தம்பி... உங்கட அண்ணையோ?"

சித்தப்பா தலையைக் குனிந்தார். வெட்கத்தால்தான் குனிந்தார், ஆனால் அந்த நேரத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது.

அம்மா அழவில்லை. மெல்லக் கதிரையில் இருந்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார். தோள் இரண்டும் இறங்கின. நான்காம் மாடி ஏறி வந்து, இரண்டு கையிலும் இருக்கிற சாமான் பைகளை வாசலில் வைப்பாரே, அப்போது அவருடைய முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அந்த முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் எனக்கு விளங்கியது, "அப்பா!" என்று கத்தினேன். என்னுடைய சத்தத்தில் சித்தப்பா கமராவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்.

"அண்ணி, படம்! இது படம் அண்ணி! ஒண்டும் நடக்கேல்லை, படம்!"

அம்மா எழுந்தார். முதலில் செய்த வேலை, அடுப்பை மறுபடி திருகிப் போட்டது. பிறகு என்னைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வந்தவர்களைப் பார்த்து, "எல்லாரும் போயிட்டு வாங்கோ" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கடைக்கார அண்ணை பெலத்து அழுதுகொண்டே படி இறங்கினார்.

நாங்கள் தமிழில் பேசியது ஐயாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருடைய கன்னமும் ஈரமாக இருந்தது, ஆனால் சந்தோசத்தில். தான் நிறுத்தச் சொல்லாமல் யார் நிறுத்தினது என்று முதலில் கோபப்பட்டார். பிறகு கமராக்காரப் பெண்ணிடம், கிடைத்துவிட்டதா, எல்லாம் கிடைத்துவிட்டதா என்று கேட்டார். அந்தப் பெண் தலையை ஆட்டினார். சித்தப்பா போய் அவருடைய மெஷின் வைத்த காதுக்குள் ஏதோ சொன்னார். ஐயாவின் முகம் அப்படியே வெளிறிப் போனது. பால் பெட்டியில் இருந்தவர் அன்றைக்கு நெடுநேரம் எழும்பவில்லை.

மற்ற நாள் ஞாயிற்றுக்கிழமை. ஐயா தோளில் ஒரு பையோடு சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். சித்தப்பா வர மறுத்து, கூட்டிவரப்பட்டது முகத்திலேயே தெரிந்தது. ஐயா வாசலில் சப்பாத்தைக் கழற்றினார், ஒரு சொக்ஸில் பெருவிரல் வெளியே தெரிந்தது. அம்மா கதைக்கவில்லை. ஆனால் வந்த மனுசருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விடவும் அவரால் ஏலாது. கோப்பையைச் சத்தம் கேட்க வைத்தார், அவ்வளவுதான்.

ஐயா மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு தன்னுடைய கதையைச் சொன்னார். சித்தப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு அதைத் தமிழில் சொன்னார்.

"அவர் சின்னப் பிள்ளையா இருக்கேக்க தகப்பன் சுரங்கத்துக்கை அம்பிட்டுச் செத்துப்போனாராம், அண்ணி. அங்கயும் எங்களைப் போலத்தானாம். சுரங்கத்தில இருந்து நாலு பேர் வந்து, தொப்பியைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கொண்டு வாசல்ல நிண்டவையாம். ஒருத்தரும் கதைக்கேல்லையாம். இவர் அவையின்ர சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நிண்டாராம். தாயின்ர முகத்தைப் பார்க்கப் பயமாம். பார்க்கவே இல்லையாம்."

ஐயா கோப்பையைப் பிடித்தபடி இன்னும் கொஞ்சம் பேசினார்.

"இவ்வளவு காலமும் எடுத்த படமெல்லாம் அந்த முகத்தைத் தேடித்தானாம். எத்தனையோ பெரிய நடிகைமாரை வச்சு எடுத்தும் வரேல்லையாம். நேற்றுத்தான் கண்டாராம்." சித்தப்பா நிறுத்தினார். பிறகு, "பிழை தன்னிலதானாம். ஆனால் அதைப் படத்தில வைக்க விடுவியளோ எண்டு கேக்கிறார்" என்றார்.

இப்போது நினைத்தால், அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும் என்று விளங்குகிறது. அவர் கேட்காமலே வைத்திருக்கலாம். அம்மா கையெழுத்து வைத்துக் கொடுத்தவர்தான், சட்டம் அவர் பக்கம். பல வருடமாக யாரும் காசு கொடுக்காமல் இருந்த மனுசர், கையில் இருந்தது அவருடைய வாழ்க்கையின் ஆகச் சிறந்த காட்சி. அதை வைத்துக்கொண்டு நான்கு மாடி ஏறி வந்து முதியோர் இல்லத்தில் நிலம் துடைக்கிற ஒரு பெண்ணிடம் அனுமதி கேட்டார்.

அம்மா அடுப்படியில் திரும்பி நின்றபடியே பேசினார். இவ்வளவு மெல்லமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"தம்பி, நேற்று நீங்கள் எல்லாரும் வந்து நிக்கேக்க, உங்கட அண்ணை செத்துட்டார் எண்டு நான் நம்பிட்டன். நம்பின உடன எனக்கு... ஆறுதலா இருந்தது. அழுகை வரேல்லை. அப்பாடா எண்டு இருந்தது. இவ்வளவு வருசமும் நான் சுமந்ததை ஆரோ இறக்கி வச்ச மாதிரி. அதைச் சொல்லுங்கோ அவருக்கு."

சித்தப்பா வாயைத் திறந்தார், சொல்லமுடியவில்லை. கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அண்ணனுக்காக அவர் அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஐயா அம்மாவையும் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். என்னுடைய ஐந்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் நாயும் பூனையும் கிழமை நாட்களும்தான் இருந்தன. அப்பா செத்துவிட்டார் என்று அம்மா நினைத்தார் என்பதை எப்படியோ சொல்லிவிட்டேன். ஆறுதலுக்குச் சொல் தெரியவில்லை. எழுந்து நின்று, இரண்டு கையிலும் பாரமான பைகள் இருப்பது போலப் பிடித்து, அவற்றை மெல்ல நிலத்தில் வைத்துக் காட்டினேன். அவருக்கு விளங்கியது. அவர்தான் அதை முந்தின நாள் பார்த்திருந்தாரே.

"நான் எதுக்குப் பிள்ளை இதில நடிக்க வந்தனான்?" என்று அம்மா என்னிடம் கேட்டார். "கொப்பா பார்க்கவேணும் எண்டு. அவர் எங்கயோ இருந்து இந்தப் படத்தைப் பார்ப்பார். பார்க்கேக்க, நான் அவரைச் செத்துட்டார் எண்டு நம்பி மூச்சு விடுற முகத்தை அவர் காணக்கூடாது. மற்றதெல்லாம் போடட்டும். அது மட்டும் வேண்டாம் எண்டு சொல்லு."

அதைச் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதுமாக இருந்தது. அப்பா இந்தப் படத்தைப் பார்ப்பார் என்றேன். அந்த முகத்தை அப்பா பார்க்கக்கூடாது என்று அம்மா சொல்கிறார் என்றேன்.

ஐயா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். அவசரப்படவில்லை. அம்மா ஒரு தரம் திரும்பி அவரைப் பார்த்துவிட்டு, குரல் இளகி, "உங்கட அம்மாவும் தன்ர முகத்தை நீங்கள் பார்க்காமல் விட்டது நல்லம் எண்டுதான் நினைச்சிருப்பா ஐயா" என்றார். சித்தப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு அதை மட்டும் மொழிபெயர்த்தார். ஐயா "ஓம்" என்றார். கமராவுக்குச் சொல்கிற ஓம் அல்ல, எங்களுடைய ஓம்.

பிறகு தன்னுடைய பையைத் திறந்து, தட்டையான வட்டத் தகரப் பெட்டி ஒன்றை எடுத்தார். அதைச் சுற்றிக் கறுத்த ஒட்டுநாடா இருந்தது. முந்தின நாள் எடுத்த படச்சுருள். சனி, ஞாயிறு என்பதால் கழுவ அனுப்பாமல், ஒருவரையும் நம்பாமல், கூடவே கொண்டு திரிந்திருக்கிறார். அதை இன்னும் அவரும் பார்க்கவில்லை, வேறு யாரும் பார்க்கவில்லை. அவர் நாடாவின் நுனியைத் தேடி உரிக்கத் தொடங்கினார். சித்தப்பாவுக்குத்தான் முதலில் விளங்கியது. வேண்டாம், அந்தத் துண்டை வெட்டினால் போதும் என்று எழும்பினார். ஐயா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அது இருந்தால் நான் ஒருநாள் அதைப் பாவிப்பேன், எனக்கு என்னைத் தெரியும் என்றாராம்.

யன்னலால் நல்ல வெயில் வந்துகொண்டிருந்தது. ஐயா மூடியைத் திறந்து, உள்ளே இருந்த கறுத்த உறையைக் கிழித்து, சுருளை இழுத்தார். மண்ணிறப் படம் சுருள் சுருளாக மேசையிலும் அவருடைய மடியிலும் விழுந்தது. அம்மாவுக்கு என்ன நடக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. "ஐயோ ஐயா, என்ன வேலை செய்யிறியள்" என்று ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்தார். வெளிச்சம் பட்டது பட்டதுதான், கழுவாத படம் அதோடு அழிந்துபோகும். ஐயா அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு மிச்சத்தையும் இழுத்து முடித்தார். பத்திரிகைக்காரர் அதைப் பயம் என்று எழுதினார்.

தொலைக்காட்சிக்காரர் பெரிய சண்டை பிடித்தார்கள் என்று சித்தப்பா சொன்னார். அந்தக் காட்சியை வேறு விதமாக எடுக்கச் சொன்னார்கள், ஐயா எடுக்கவில்லை. கதையில் சாவே இல்லாமல் போனது. படத்தின் முடிவில் ரெலிபோன் அடிக்கிறது, அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுக்கப் போகிறார், அதோடு சரி. ரீவியில் ஒரு தரம் போட்டார்கள். சில சின்னத் தியேட்டர்களில் ஓடியது. டோர்ட்மண்டில் ஓடியபோது நாங்கள் எல்லோரும் போனோம், கடைக்கார அண்ணை தான் கை காட்டிய இடம் வந்ததும் எழும்பி நின்றார். அதற்குப் பிறகு ஐயாவுக்கு யாரும் படம் எடுக்கக் காசு கொடுக்கவில்லை. வருடப்பிறப்புக்கு எங்களுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், அதில் அவருடைய கோணல் எழுத்தில் "அவர் வந்துவிட்டாரா?" என்று மட்டும் கேட்டிருப்பார். ஒரு வருடம் அட்டை வரவில்லை.

அம்மாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. படி ஏற ஏலாது என்று கீழ்வீட்டுக்கு மாறிவிட்டார். யார் ஊருக்குப் போனாலும், லண்டனுக்கோ கனடாவுக்கோ போனாலும், அந்தப் படத்தின் டிவிடி ஒன்றைக் கொடுத்துவிடுவார். டிவிடி போடுகிற மெஷினே இப்போது ஒருவரிடமும் இல்லை அம்மா என்று நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். இருக்கிறவை இருப்பினம் என்கிறார்.

அப்பா வரவில்லை. வருவார் என்று நான் நினைக்கவும் இல்லை, இதை அம்மாவுக்குச் சொல்லிவிடாதீர்கள். ஆனால் எங்கேயாவது ஒரு வீட்டில் இருந்து அவர் அந்தப் படத்தைப் பார்த்தால், முதலிலிருந்து முடிவு வரைக்கும் பார்க்கட்டும். அதில் அம்மா ஒரு கணம்கூட அவரைக் கைவிடவில்லை.